விரல் மேல் பழி போடாதீர்கள்

“அண்ணே, பந்தல்குடியிலேர்ந்து எழுதுறேன். பி.காம். ரெண்டாம் வருசம். ரெண்டு மாசமா கிட்டார் கத்துக்கிறேன். சி கார்டு பிடிச்சா ஆறு கம்பியில மூணு ஊமையாக் கிடக்கு. விரல் நுனி கொப்பளிச்சிருச்சு. ‘உன் விரல் குட்டை, உனக்கு வராது’ங்கிறான் கூட்டாளி. வித்துரட்டுமா?”

விற்க வேண்டாம் தம்பி. விற்றால் வாங்குகிறவர் விரலும் கொப்பளிக்கும், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் விரலைப் பற்றி நாலு வரி இருக்கிறது, கிட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது அவர்கள் கையை அல்ல, கிட்டாரை. மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய புதுக் கிட்டார் பெரும்பாலும் கடையிலிருந்து வாசிக்கிற நிலையில் வருவதில்லை. கம்பி உயரமாக நிற்கும். குட்டை விரலுக்கும் வராது, நெட்டை விரலுக்கும் வராது.

ஒரு சோதனை சொல்கிறேன். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு கேப்போ கிடைக்கும். கழுத்துக்குக் குறுக்கே போட்டு எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அமுக்கிவைக்கும் கிளிப். அதை முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃபிரெட்) போட்டுவிட்டு அதே சி கார்டைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று இலகுவாகிவிட்டதா? அப்படியானால் குற்றவாளி நட். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைப் பட்டையில் பள்ளங்களை ஆழமாக வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். கேப்போ இல்லாமலும் பார்க்கலாம். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃபிரெட்டில் அமுக்கிக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பாருங்கள். ஒரு தாள் நுழையுமளவு இருந்தால் சரி. தாயக்கட்டை நுழையும்போல இருந்தால் விரலைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து பன்னிரண்டாவது ஃபிரெட். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து, ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளந்து பாருங்கள். தடித்த ஆறாவது கம்பிக்கு இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு. நாலு, ஐந்து என்று வந்தால், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில் வெள்ளையாக நிற்கும் சாடிலைக் கழற்றி அடிப்பக்கம் தேய்க்க வேண்டும். இதில் ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் போக வேண்டும். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். தேய்த்ததைத் திரும்ப ஒட்டமுடியாது. நட் வேலையை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். அதற்கென்று மெல்லிய அரங்கள் இருக்கின்றன. மதுரைக்குப் போகும்போது கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மதுரைக்குப் போகும்வரை என்ன செய்வது? போனில் உள்ள ட்யூனர் செயலியைத் திறந்து ஆறு கம்பியையும் அரைச்சுருதி இறக்கிவையுங்கள். ஈ என்பது டி ஷார்ப், ஏ என்பது ஜி ஷார்ப், இப்படியே மற்றவையும். பிறகு முதல் ஃபிரெட்டில் கேப்போ. ஒலிப்பது வழக்கமான சுருதிதான், ஆனால் கம்பி தளர்ந்திருக்கும், நட்டின் தொல்லையும் இருக்காது. கூடவே கம்பியையும் மாற்றுங்கள். கடையில் ‘டென் செட்’ என்று கேட்டால் மெல்லிய கம்பி கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு கொஞ்சம் வலி மிச்சமிருக்கும். அது மூன்று வாரத்தில், நுனித் தோல் தடித்ததும் போய்விடும். கொப்பளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். அது ஆறும்வரை வலக்கைப் பயிற்சி மட்டும் செய்யுங்கள். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் உட்காராமல் காலையில் கால் மணி, ராத்திரி கால் மணி வாசித்தால் போதும். விரலை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல, அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவே வைத்தால் கூடுதலாக அமுக்க வேண்டிவரும். எவ்வளவு அமுக்கினால் போதும் என்று தெரிய, மெல்லத் தொட்டு மீட்டிக்கொண்டே அழுத்தத்தைக் கூட்டுங்கள். ‘ஜ்ஜ்’ என்ற இரைச்சல் போய்ச் சத்தம் தெளிகிற இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்கு மேல் அமுக்குவதெல்லாம் வீண்.

“திருச்சுழி பக்கம் கிராமம். தகரக் கூரை வீடு. காலையில சுருதி சேர்த்தா மத்தியானம் கலைஞ்சு போகுது. கீ லூசா? கடைக்காரர் ஏமாத்திட்டாரா?”

கடைக்காரரை இந்த ஒரு தடவை விட்டுவிடலாம். இது நம் ஊர் வெயில் செய்கிற வேலை. எஃகுக் கம்பி சூட்டில் நீளும், நீண்டால் சுருதி இறங்கும். அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பயப்பட வேண்டியது மரத்துக்கு. கிட்டார் செய்கிறவர்கள் மரத்துக்கு நல்லதென்று சொல்வது 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம். நம் கரிசல் பூமி பங்குனி, சித்திரையில் வெடித்துக் கிடக்கும்போது தகரத்துக்கு அடியில் அவ்வளவு ஈரம் எங்கே இருக்கும்? மரம் காய்ந்து குறுக்குவாக்கில் சுருங்கும். உலோகம் சுருங்காது. அதனால்தான் கோடையில் கழுத்தை வருடினால் ஃபிரெட் முனைகள் கையைக் கீறுகின்றன. மேற்பலகை உள்வாங்கும், கம்பி தாழ்ந்து இரையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு நேர்மாறு. பலகை உப்பும், கம்பி உயரும். ‘மழைக்காலத்துல மட்டும் எனக்கு வாசிக்க வரல’ என்று ஒரு பையன் சொன்னான். உண்மையைத்தான் சொன்னான்.

நானும் பட்டிருக்கிறேன். வாங்கி இரண்டு வருஷமான கிட்டாரை ஒரு சித்திரையில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறையில் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுக் கோயில் கொடைக்குப் போனேன். நாலு நாள் கழித்து வந்தால் பிரிட்ஜ் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சூட்டில் பசை இளகிவிட்டது. கம்பிகள் இழுக்கும் இழுப்பு சாதாரணமல்ல. எஃகுக் கம்பி ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. பந்தல்குடிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சிமென்ட்டாகித் திரும்பி வருகிறதே, அந்த மூட்டையில் ஒன்றரை. உள்ளங்கை அகலப் பலகை அதை ராப்பகலாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே தகரத்துக்கு அடியில் தொங்கவிடாதீர்கள். வீட்டில் குளுமையான மூலை எதுவென்று உங்கள் வீட்டுப் பூனைக்குத் தெரியும், பெரும்பாலும் நெல் மூட்டையோ தண்ணீர்ப் பானையோ இருக்கும் அறைதான். அங்கே, உறையில் போட்டு, தரையில் படாமல் வையுங்கள். கோடையில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவின் மூடியில் நாலைந்து துளை போட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, உறைக்குள் கழுத்துப் பக்கம் வையுங்கள். சொட்டக் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை நனைத்தால் போதும். மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வெளியூர் போனால் கம்பிகளை ஒரு சுருதி இறக்கிவைத்துவிட்டுப் போங்கள்.

பஸ்ஸில் போகும்போது ஒரு எச்சரிக்கை. கண்டக்டர் நல்ல மனசோடு, “டிரைவர் பக்கத்துல வச்சிருங்க தம்பி” என்பார். அவர் காட்டுகிற இடம் என்ஜின் மூடி. கொதிக்கும். வணக்கம் சொல்லிவிட்டு மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கீ லூசா என்றும் கேட்டீர்கள். பெரும்பாலும் இராது. புதுக்கம்பி போட்டவுடன் ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து மெல்ல நாலைந்து முறை தூக்கி இழுத்துவிடுங்கள். முறுக்காணியில் இரண்டு, மூன்று சுற்று போதும், பத்துச் சுற்றுச் சுற்றினால் அது இறுகுவதற்கே ஒரு வாரம் ஆகும். சுருதி தாண்டிப் போய்விட்டால் நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றிச் சேருங்கள். இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினால் நிற்காது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியைத் துடையுங்கள். நம் வேர்வைக்குக் கம்பி இரண்டு மாதத்தில் துருவேறும். சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். வேண்டாம், கம்பி செத்துவிடும்.

“மல்லித் தோட்டம் வச்சிருக்கோம். மக எட்டாவது. கிட்டார் வேணும்னு ஒரே அடம். எத்தனை ரூபாய்க்கு வாங்கலாம்? பரிட்சையெல்லாம் உண்டாமே?”

அம்மா, சின்னக் கைக்கு முழு அளவு வேண்டாம். முக்கால் அளவு அல்லது 36 அங்குலம் கேளுங்கள். முதல் கிட்டாருக்கு நைலான் கம்பி நல்லது, விரலுக்கு மெத்தென்று இருக்கும். கழுத்து மட்டும் கொஞ்சம் அகலம். சினிமாப் பாட்டுக்குத் தாளமாக அடிக்கத்தான் ஆசை என்றால் எஃகுக் கம்பி. எதை வாங்கினாலும் சரி, நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பி போட்டுவிடாதீர்கள். நைலானின் இழுப்பு ஒரு சிமென்ட் மூட்டைக்கும் குறைவு. அதற்கென்று செய்த பலகையில் ஒன்றரை மூட்டையை ஏற்றினால் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்கிற கடை இருக்கிறது.

முழுமரம் போட்டது உசத்தி என்பார்கள். சத்தத்துக்கு உசத்திதான். நம் வெயிலுக்கு, முதல் கிட்டாருக்கு, பிளைவுட் போல ஒட்டிச் செய்த பலகையே மேல். அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. யமஹா சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்துக் கிட்டார் செய்கிறது. கல்கத்தாக் கம்பெனிகள் செய்வதும் வருகிறது. பெயரைவிடக் கழுத்து முக்கியம். கடையில் கிட்டாரைக் கண்ணுக்கு நேரே, துப்பாக்கி குறி பார்ப்பதுபோலப் பிடித்துக் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் ஒருமுறை மீட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கையிருப்பு ஐயாயிரம் என்றால் ஐயாயிரத்துக்கும் கிட்டார் வாங்காதீர்கள். நாலாயிரத்துக்கு வாங்கி, மிச்சத்தில் நட்டையும் சாடிலையும் சரிசெய்து, ஒரு கேப்போவும் நல்ல கம்பியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பரிட்சை உண்டு. லண்டன் டிரினிட்டி காலேஜ் எட்டு கிரேடு வைத்திருக்கிறது. கிளாசிக்கல் கிட்டார் தேர்வை நைலான் கம்பியில்தான் எழுத, மன்னிக்கவும், வாசிக்க வேண்டும். முதல் வருஷம் அதை நினைக்க வேண்டாம். பூக்கட்டத் தெரிந்த பிள்ளையா? அப்படியானால் கவலையே இல்லை. இரண்டு கையும் வெவ்வேறு வேலை பார்க்க, கண் வேறெங்கோ இருக்க, நார் தானாக முடிச்சு விழுகிறதே, கிட்டாருக்கு வேண்டியதும் அதுதான்.

“சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிக்கச் சொல்கிறார்கள். ஒருவர் ‘ரெண்டு கட்டை’ என்கிறார், அக்கா ஒருவர் ‘அஞ்சரை’ என்கிறார். எனக்கு சி, எஃப், ஜி, ஏ மைனர் நாலுதான் தெரியும்.”

நாலு தெரிந்தால் நிறைய. நம் பக்கத்தில் பாதிக் கிட்டார்க்காரர்கள் சர்ச்சில்தான் உருவானார்கள். கட்டைக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நாலு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே அரை கிடையாது. ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒரு அரை என்பதால், உங்கள் நாலு கார்டையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றரைக்கு முதல் ஃபிரெட்டிலும் இரண்டுக்கு இரண்டாவதிலும் இரண்டரைக்கு மூன்றாவதிலும் மூன்றுக்கு நாலாவதிலும் நாலுக்கு ஐந்தாவதிலும் கேப்போ போடுங்கள். ஐந்தரை கேட்கிற அக்காவுக்காக டி, ஈ மைனர் இரண்டையும் கற்றுக்கொண்டுவிட்டால், ஜி, சி, டி, ஈ மைனர் என்று வாசித்து முதல் ஃபிரெட்டில் கேப்போ.

ஒரு பொறி இருக்கிறது. பாட்டு சோகச் சாயலில், மைனரில் இருந்தால் ‘ஒரு கட்டை’ என்பது சி மைனர். அப்போது உங்கள் ஏ மைனரைத்தான் சட்ஜமாக வைக்க வேண்டும், கேப்போ மூன்றாவது ஃபிரெட்டுக்குப் போகும். இரண்டு கட்டை மைனர் என்றால் ஐந்தாவது. இன்னொன்று, கீபோர்டுக்காரர் விரலைப் பார்த்துச் சுருதி கண்டுபிடிக்காதீர்கள். அவர் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டு எல்லாப் பாட்டையும் சியிலேயே வாசித்துக்கொண்டிருப்பார். பாடுகிறவரைக் கேளுங்கள்.

“முதன்முதலா எந்தப் பாட்டு வாசிக்கலாம்? ‘இளைய நிலா’ மூணு மாசத்துல வருமா?”

வராது. இந்தக் கேள்வி ஒவ்வொரு கடிதக் கட்டிலும் குறைந்தது ஐந்து முறை வருகிறது. 1982இல் வந்த பாட்டு, இன்னும் பிள்ளைகளைத் தூங்கவிடவில்லை. அதை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் பாட்டுக்கு நான் காட்டுகிற இடம் பந்தல்குடியிலிருந்து தூத்துக்குடி சாலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானதும் அங்கேதான், சமாதியும் அங்கேதான். அவர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ நாற்பது. நோட்டுசுவரம் என்று பெயர். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு. மெட்டு வெள்ளைக்காரர் ராஜாவுக்கு, பாட்டு அம்பாளுக்கு. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதே சென்னையில் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கி, எட்டயபுரம் அரண்மனை வித்வானாக இருந்தார். மேல்நாட்டு நரம்புக் கருவி ஒன்று கர்நாடக சங்கீதத்துக்குள் வந்த வழியில் நம் பக்கத்து ஊரும் இருக்கிறது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகும் பையனை ‘இதெல்லாம் நமக்கு எதுக்குடா’ என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

பழைய பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பாட்டு வகுப்பில் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கும். குரலுக்கு நல்லது, கிட்டாரில் புதுக்கைக்கு அரைச்சுரங்கள் இடறும். நோட்டுசுவரங்கள் சங்கராபரணச் சுரங்களில், கமகம் இல்லாமல், நேர்நேராக ஓடுகின்றன. அந்தச் சுரங்கள் கிட்டாரில் முதல் மூன்று ஃபிரெட்டுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மெல்லிய கம்பியை ஒன்று என்று எண்ணுங்கள். ச, ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃபிரெட். ரி, நாலாவது கம்பியை அமுக்காமல். க, அதே கம்பி இரண்டாவது ஃபிரெட். ம, மூன்றாவது. ப, மூன்றாவது கம்பியை அமுக்காமல். த, அதில் இரண்டாவது ஃபிரெட். நி, இரண்டாவது கம்பியை அமுக்காமல். மேல் ச, அதில் முதல் ஃபிரெட். எட்டில் மூன்று சுரத்துக்கு விரலே வேண்டாம். முதல் ஃபிரெட்டுக்கு ஆள்காட்டி விரல், இரண்டுக்கு நடுவிரல், மூன்றுக்கு மோதிர விரல் என்று பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் ஏறி இறங்கிவிட்டு, ‘சந்ததம் பாஹிமாம்’ ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிக் கேட்டு, வாயால் பாடி, பாடியதைக் கம்பியில் தேடுங்கள். தாளில் எழுதிப் பார்த்து வாசிக்காதீர்கள். காது கண்டுபிடிக்கட்டும். அது மூன்றெண்ணிக்கை மெட்டு. கூட்டாளியை வாசிக்கச் சொல்லி நீங்கள் சி, எஃப், ஜி கார்டுகளைத் ‘தகிட, தகிட’ என்று கீழ்நோக்கி அடித்துத் துணை போகலாம். நாலெண்ணிக்கைப் பாட்டுக்குத் ‘தகதிமி’ சொல்லுங்கள். ‘த’வுக்குக் கை கீழே, ‘க’வுக்கு மேலே, ‘தி’க்குக் கீழே, ‘மி’க்கு மேலே. கம்பியில் பட்டாலும் படாவிட்டாலும் கை நிற்கக் கூடாது. கார்டு மாற்றத் தாமதமானால் அந்த அடியை விட்டுவிடுங்கள், கையை நிறுத்தாதீர்கள். திருவிழாவில் தவில்காரரைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல.

எஃப் கார்டு வரவில்லை என்று எட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து: ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் ஒன்றாக அமுக்கும் முழு பாரை இப்போதைக்கு விடுங்கள். கீழ் நாலு கம்பியில் மட்டும் சின்ன எஃப் பிடியுங்கள். நாலாவது கம்பி மூன்றாவது ஃபிரெட், மூன்றாவது கம்பி இரண்டாவது ஃபிரெட், இரண்டாவது கம்பி முதல் ஃபிரெட், முதல் கம்பியும் முதல் ஃபிரெட். கடைசி இரண்டையும் ஆள்காட்டி விரலைச் சாய்த்து ஒன்றாகவே அமுக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் முதல் கம்பியைத் திறந்தே விடுங்கள், கேட்க அழகாகத்தான் இருக்கும். முழு பாரைப் பழக, அதே வடிவத்தை முதலில் ஐந்தாவது ஃபிரெட்டில் பிடியுங்கள். நட்டை விட்டு விலகினால் அமுக்குவது எளிது. அங்கே தெளிந்ததும் வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கிவாருங்கள். முதல் ஃபிரெட்டில் மட்டும் முரண்டு பிடித்தால் இந்தப் பக்கத்தின் முதல் கடிதத்துக்குத் திரும்பிப் போய் நட்டைப் பாருங்கள்.

கடைசியாக, அருப்புக்கோட்டையில் முப்பது வருஷம் தறி ஓட்டியவர், வயது 56, “இனிமே விரல் மடங்குமா தம்பி?” என்று கேட்டிருக்கிறார். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட விரல் அல்லவா அண்ணே, மடங்கும். பிள்ளைகளைவிட மெதுவாக வரும், ஆனால் நீங்கள் தாளம் பிசகமாட்டீர்கள், தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர். நைலான் கம்பியில் தொடங்குங்கள். காலையில் எழுந்தவுடன் வேண்டாம், விரல் விறைத்திருக்கும். டீ குடித்த பிறகு உட்காருங்கள். ஞாயிறு நாலு மணிக்கு வாருங்கள், வரும்போது இடக்கை நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டு வாருங்கள்.